இடது ஓரம்

பியென் என்று ஒரு சொல், பீல் என்று ஒரு சொல்.
ரயில் நிலையப் பலகையிலேயே
இந்த ஊருக்கு இரண்டு விடை.
தெருப்பெயர்களும் அப்படித்தான்.
ரொட்டிக்கடைக்காரி குறுக்கே ஜெர்மனில் வணக்கம் சொல்வாள்,
அவள் கணவன் நெடுக்கே பிரெஞ்சில் சில்லறை எண்ணுவான்.
இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில்
பாண் வாங்கிக்கொண்டு நான்.
பகலில் கடிகாரத் தொழிற்சாலை, மூன்றாம் மாடி.
கண்ணில் லென்ஸைச் செருகி
முள்ளின் நுனியில் தூசு தேடும் வேலை.
இரவில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம்,
சங்கத்துக் காலாண்டிதழின் கடைசிப் பக்கத்துக்கு,
காப்புறுதி விளம்பரத்துக்கு மேலே.
கறுப்புக் கட்டங்களுக்குப் பிடிவாதம் இல்லை,
சொன்ன இடத்தில் உட்காரும்.
எழுத்துகள்தான் வழிக்கு வராது.
ணகரத்தில் சொல் தொடங்காது, றகரத்தில் தொடங்காது,
புள்ளி வைத்தது எதுவும் முன்வரிசைக்கு வராது.
ஆகவே இடது ஓரம் எனக்கு எப்போதும் தலைவலி.
கிடைத்ததை வைத்து அடைத்துவிட்டு
உள்ளே போய்விடுவேன்.
உள்ளேதான் விஷயம் இருந்தது.
மார்கழி இதழில் புதிருக்குத் தலைப்பு இல்லை,
தலைப்பின் இடத்தில் ஒரு புள்ளி மட்டும்.
புள்ளி வைத்தால் மெய்.
மெய் என்றால் உடம்பு.
தண்ணீர் போகும் வழி, நான்கெழுத்து: கால்வாய்.
ஒரே சொல்லில் இரண்டு உறுப்பு!
அன்றிரவு எனக்கு நானே
இன்னொரு தேநீர் ஊற்றிக்கொடுத்தேன்.
தோல்விக்குள் தோல். பல்லிக்குள் பல்.
நம்பிக்கையின் முடிவில் ஒரு கை,
கண்டனம் திறந்தவுடனே கண்.
நெஞ்சு மட்டும் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்கவில்லை.
விட்டுவிட்டேன்.

சரியான விடை வழக்கமாக ஓல்டனிலிருந்து வரும்,
எல்லாத் தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டும் ஊர் அது.
அங்கே நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில்
இரவு முறை பார்க்கும் தவயோகன்,
முகம் நான் அறியாதவர்,
கோப்பை கழுவிய ஈரம் காயாத தபாலட்டையில் எழுதுவார்.
இந்த முறை எழுத்து நெருக்கியடித்திருந்தது.
"கட்டியக்காரிக்கு,
உறுப்புகள் எட்டும் அகப்பட்டன. கால்வாய்க்குச் சபாஷ்.
ஆனால் நீங்கள் உண்மையில் ஒளித்தது அதுவல்ல என்று
மிலான் வண்டி போனபிறகுதான் உறைத்தது.
இடது ஓரத்தில் மூன்றே மூன்று சொற்கள் தொடங்குகின்றன:
முதுகில் மூன்று புரியாய்த் தொங்குவது, நான்கெழுத்து.
கிளை கைவிட்டது, மூன்று.
மழைக்கு மட்டும் விரிவது, இரண்டு.
அவற்றின் தலையெழுத்தை மட்டும்
மேலிருந்து கீழே வாசித்தேன்.
உடம்பை உறுப்புறுப்பாய்ப் பிரித்துக் காட்டிவிட்டு
ஓரத்தில் நின்று
படைத்தவனையே இப்படிச் சொல்லலாமா, அம்மா?
மேசை துடைக்க மறந்து சிரித்தேன்."
நான் சிரிக்கவில்லை.
மேலிருந்து கீழே வாசித்தேன்.
விரலால் மற்றவற்றை மூடிக்கொண்டு
இன்னொருமுறை வாசித்தேன்.
அந்த மூன்றையும் நான் தேர்ந்தெடுக்கவே இல்லை.
ஓரம் அடைக்கக் கைக்கு வந்தவை அவை.

குறுக்கே போனதெல்லாம் நான் எழுதியது,
நெடுக்கே நின்றதை யார் எழுதினார்?
கட்டம் வரைந்த அந்த வாரம்,
ஏரியிலிருந்து மூடுபனி ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை,
ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடிக்க
நாற்பது முள்ளைப் பார்க்காமலே பார்த்ததாகக்
கையெழுத்துப் போட்டிருந்தேன்.
யாரும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்,
அதாவது, மறந்துவிட்டதாக எண்ணியிருந்தேன்.
தவயோகனுக்கு ஒரே சொல்லில் பதில் போட்டேன்:
மெய்.
விடை சரி என்று எடுத்துக்கொண்டிருப்பார்.
பரிசுச் சாக்லேட்டும் அவருக்கே போயிற்று.
அந்த நாற்பதும் இந்நேரம்
எங்கெங்கோ யார் யார் மணிக்கட்டிலோ,
ஒருவேளை,
சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும்.